நோயாளி ஃபெரெட்டைப் பச்சைக்கறிக்கு மாற்றலாமா? செத்தாப்பாக் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூர் செத்தாப்பாக்கில் அடுக்குமாடி வீடு, இரண்டு ஃபெரெட் (கீரியைப் போல் நீண்ட உடம்புள்ள வளர்ப்புப் பிராணி). மூத்தவன் ஐந்து வயது ஆண், எடை 1.1 கிலோ. போன மாதம் இன்சுலினோமா என்ற கணையக் கட்டி இருப்பது தெரிந்து, பிரட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை ஆரம்பித்திருக்கிறீர்கள். சின்னவளுக்கு இரண்டு வயது. மூன்று வாரமாக மலம் இளகி, விதை விதையாகப் போகிறது. இதுவரை இரண்டுக்கும் உலர்தீனிதான். "பச்சைக்கறிக்கு மாற்றினால் சர்க்கரை நிலைப்பட்டுவிடும், மருந்தையே நிறுத்திவிடலாம் என்கிறார்கள். இந்த வாரமே மாற்றிவிடட்டுமா அக்கா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இந்த வாரம் வேண்டாம். மருந்தை நீங்களாக எப்போதும் நிறுத்த வேண்டாம். ஆனால் இறைச்சிக்கு மாற்ற வேண்டும் என்ற உங்கள் எண்ணம் தவறில்லை. எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்ற வரிசையில்தான் எல்லாம் இருக்கிறது. நான் டாக்டர் இல்லை. செந்தூலில் பதின்மூன்று வருடமாக ஃபெரெட் வளர்க்கிறேன். வளர்த்த ஐந்தில் இரண்டுக்கு இன்சுலினோமா, ஒன்றுக்குக் குடல் அழற்சி. அந்த மூன்றையும் பார்த்துக் கற்றதைத்தான் எழுதுகிறேன்.

இன்சுலினோமா என்பது கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களில் வருகிற கட்டி. உடம்புக்கு வேண்டுமா வேண்டாமா என்று பாராமல் அது இன்சுலினைக் கொட்டிக்கொண்டே இருக்கும், ரத்தச் சர்க்கரை விழுந்துகொண்டே போகும். இதை வீட்டில் எல்லாருக்கும் புரிய வையுங்கள். நம் வீடுகளில் சர்க்கரை என்றாலே நினைவுக்கு வருவது நீரிழிவுதான். அப்பாவுக்கு, அத்தைக்கு என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒருவருக்காவது இருக்கிறது. அதனால் "சர்க்கரை வியாதியா? சாப்பாட்டைக் குறை" என்று பெரியவர்கள் நல்ல மனதோடு சொல்வார்கள். இது அதற்கு நேர் எதிரான நோய். ஒரு வேளைச் சாப்பாடு தள்ளிப்போனாலும் ஆபத்து.

இன்னொரு பக்கம், "சர்க்கரை விழுகிறதா, அப்படியென்றால் கொஞ்சம் இனிப்பு கொடு" என்றும் யாராவது சொல்வார்கள். அதுவும் கூடாது. இனிப்பு உள்ளே போனதும் கட்டி இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரக்கும். சற்று நேரத்தில் சர்க்கரை முன்பிருந்ததைவிடக் கீழே போய்விடும். மேரி பிஸ்கட், மைலோ, வாழைப்பழத் துண்டு, உலர் திராட்சை எல்லாவற்றையும் நிறுத்துங்கள். முடி உருண்டைக்காகக் கொடுக்கும் இனிப்புப் பசையும் அந்தக் கணக்கில்தான் வரும்.

இங்கேதான் இறைச்சி உணவின் நியாயம் இருக்கிறது. ஃபெரெட் நீர்நாய்க் குடும்பத்தைச் சேர்ந்த முழு ஊனுண்ணி. அதன் குடல் குட்டையானது, பெருங்குடல்வாய்ப் பை கிடையாது, சாப்பிட்டது மூன்று நான்கு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். நார்ச்சத்தாலும் மாவுச்சத்தாலும் அதற்குப் பெரிதாகப் பயன் இல்லை. உலர்தீனியை உருண்டையாகப் பிடிக்க ஏதாவது ஒரு மாவு வேண்டும். அந்த மாவு சர்க்கரையை ஏற்றி இறக்கும். இறைச்சியின் புரதமும் கொழுப்பும் மெதுவாக, சீராக உடம்பில் சேரும். அதனால் இன்சுலினோமா உள்ள பிராணிக்கு மாவு குறைந்த, இறைச்சி நிறைந்த உணவு நல்லதுதான். உலர்தீனியால்தான் இந்தக் கட்டியே வருகிறது என்று சந்தேகிப்பவர்களும் உண்டு. அது நிரூபிக்கப்படவில்லை. இறைச்சி கொடுத்தால் வந்த கட்டி கரையும் என்று சொல்வதற்கோ எந்த ஆதாரமும் இல்லை. கட்டி உள்ளேதான் இருக்கும், வளரவும் செய்யும். உணவு அதன் ஆட்டத்தைக் கொஞ்சம் அடக்கும், அவ்வளவுதான்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். என் முதல் ஃபெரெட் மணி நாலரை வயதில் பின்னங்கால் தள்ளாடி நடக்க ஆரம்பித்தான். நடந்துகொண்டே இருப்பவன் திடீரென்று நின்று சுவரையே வெறித்துப் பார்ப்பான், வாயோரம் எச்சில் வழியும், முன்னங்காலால் வாயைப் பிறாண்டுவான். காட்டிய கிளினிக்கில் வயதாகிவிட்டது என்று சொல்லி வைட்டமின் கொடுத்து அனுப்பினார்கள். ரத்தப் பரிசோதனை செய்யவில்லை, நானும் கேட்கவில்லை. உணவுதான் காரணம் என்று எங்கோ படித்துவிட்டு, ஒரே நாளில் உலர்தீனித் தட்டை எடுத்துவிட்டுக் கோழிக்கறியை வைத்தேன். அவன் முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போனான். "பசித்தால் தானாகச் சாப்பிடும்" என்று நாய் வளர்க்கும் ஒருவர் சொன்னதை நம்பிக் காத்திருந்தேன். பத்து மணி நேரம். விடியற்காலை மூன்று மணிக்குக் கூண்டிலிருந்து கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. எழுந்து ஓடினேன். பக்கவாட்டில் கிடந்து கால்களைத் துடுப்புப் போடுவதுபோல் அடித்துக்கொண்டிருந்தான். கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. தேனைத் தொட்டு ஈறில் தடவினேன். ஐந்து நிமிடம் கழித்துத்தான் தலையைத் தூக்கினான். பிழைத்தான். வேறு டாக்டரிடம் காட்டி, நோய் இன்னதென்று தெரிந்து, மருந்தோடு இன்னும் பதினான்கு மாதம் என்னோடு இருந்தான். அந்தப் பத்து மணி நேரத்தை இன்று நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். பட்டினி போட்டு ஃபெரெட்டின் உணவை மாற்றக் கூடாது. நோயில்லாத ஃபெரெட்டுக்கே அது கெடுதல், நெடுநேரப் பட்டினி ஈரலைக் கொழுப்படையச் செய்துவிடும். இன்சுலினோமா உள்ளதற்கோ உயிர்ப் பிரச்சினை. ஃபெரெட் வீம்புக்காக மறுப்பதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பிறந்த முதல் சில மாதங்களில் எந்த வாசனையை உணவு என்று மூளை பதித்துக்கொள்கிறதோ, அதுதான் அதற்கு உணவு. உலர்தீனியிலேயே வளர்ந்த ஐந்து வயதுக்காரனுக்குக் கோழித்தொடை உணவாகவே தெரியாது. பாயையோ செருப்பையோ முகர்வதுபோல் முகர்ந்துவிட்டுப் போய்விடுவான்.

சரி, வரிசைக்கு வருகிறேன். மூத்தவனுக்கு மருந்தின் அளவு நிலைப்படும் வரை உணவில் கை வைக்காதீர்கள். குறைந்தது இரண்டு வாரம் ஒரே அளவு மருந்து, தள்ளாட்டம் இல்லை, வெறித்த பார்வை இல்லை, டாக்டர் எடுத்த சர்க்கரை அளவும் திருப்தி என்ற நிலை வர வேண்டும். நம் ஊர் சர்க்கரைக் கருவிகள் மில்லிமோல் கணக்கில் காட்டும். நல்ல ஃபெரெட்டுக்கு வெறும் வயிற்றில் ஐந்துக்கு மேல் இருக்கும், 3.3-க்குக் கீழே போனால் இன்சுலினோமாவைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள். மனிதருக்கான கருவி ஃபெரெட்டின் ரத்தத்தில் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அதனால் அப்பாவின் கருவியில் குத்திப் பார்த்துவிட்டு நீங்களாக மருந்தைக் கூட்டாதீர்கள். பரிசோதனைக்காக வெறும் வயிறு வேண்டும் என்றால் மூன்று நான்கு மணி நேரமே அதிகம். மனிதருக்குச் சொல்வதுபோல் இரவு முழுக்கப் பட்டினி என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள்.

பிரட்னிசொலோனை எப்போதும் சாப்பாட்டோடு கொடுங்கள், வயிற்றுப் புண் வராமல் இருக்கும். திடீரென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது. உணவு மாறிய பிறகு மருந்தைக் குறைக்க முடியுமா என்பதை டாக்டர் சர்க்கரையைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். இன்னொன்று, குழந்தைகளுக்கான சிரப் வடிவில் மருந்து கொடுத்திருந்தால் அதில் சர்க்கரை இருக்கிறதா என்று புட்டியைப் பாருங்கள். சைலிட்டால் என்ற மாற்று இனிப்பு இருந்தால் தொடவே வேண்டாம். நாய்களின் சர்க்கரையை அது வீழ்த்திவிடும் என்பது நன்றாகத் தெரிந்த விஷயம், அதை ஃபெரெட்டிடம் சோதிக்க முடியாது.

இந்த இரண்டு வாரத்தில் நீங்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு வாங்குங்கள். தினமும் காலையில், ஒரே நேரத்தில், ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் உட்கார வைத்து எடை பார்த்து எழுதுங்கள். ஃபெரெட் அடர்ந்த ரோமத்துக்குள் இளைப்பதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, தராசு சொல்லிவிடும். 1.1 கிலோவில் 55 கிராம் குறைந்தால் ஐந்து சதவீதம் போய்விட்டது. அன்றைக்கே மாற்றத்தை நிறுத்திப் பழைய தீனிக்குத் திரும்பி, டாக்டரைக் கூப்பிடுங்கள்.

இனி பச்சையா, வேகவைத்ததா என்ற கேள்வி. இதில் என் கருத்து சிலருக்குப் பிடிக்காது. மூத்தவனுக்கு நான் பச்சைக்கறி கொடுக்க மாட்டேன், ஆவியில் வேகவைத்த எலும்பில்லாத இறைச்சிதான் கொடுப்பேன். பிரட்னிசொலோன் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து. பச்சைக்கோழியில் சால்மொனெல்லா, கம்பைலோபேக்டர் போன்ற பாக்டீரியா இருப்பது சாதாரணம். ஆரோக்கியமான ஃபெரெட்டின் வயிறு அதில் பெரும்பகுதியைச் சமாளித்துவிடும். மருந்தில் இருக்கும் நோயாளியிடம் அதே தைரியம் எனக்கு வராது. உறைபெட்டியில் வைத்தால் கிருமி செத்துவிடும் என்று நம்புகிறவர்கள் பலர். சில ஒட்டுண்ணிகள் சாகும், பாக்டீரியா சாகாது, தூங்கும்.

பறவைக் காய்ச்சலையும் சொல்ல வேண்டும். மனித இன்புளுயன்சா கிருமியை 1933-இல் லண்டனில் வில்சன் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா மூவரும் கண்டுபிடித்ததே ஃபெரெட்டுகளை வைத்துத்தான். காய்ச்சல் கண்ட ஒரு ஃபெரெட் தும்மி ஆய்வாளர் ஒருவருக்கே காய்ச்சல் தொற்றியது. அந்த அளவுக்கு இந்தப் பிராணியின் நுரையீரல் இன்புளுயன்சாவுக்குத் திறந்த வீடு. 2024 இறுதியில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், கிருமி கலந்த பச்சை வான்கோழித் தீனியைத் தின்ற பூனை ஒன்று எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வந்து இறந்தது. நம் நாட்டிலும் 2017-இல் கிளந்தானில் கோழிகளிடம் அந்தக் கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. தினமும் பயந்துகொண்டே இருக்க வேண்டியதில்லை. ஆனால் கோழிகளிடம் நோய் பரவுவதாகச் செய்தி வரும் நாட்களில் பச்சைக்கோழியை நிறுத்தி வேகவைத்துக் கொடுங்கள். உங்களுக்குச் சளிக்காய்ச்சல் வந்தால் முகக்கவசம் போட்டுக்கொண்டு அவர்களைத் தூக்குங்கள்.

பன்றிக்கறி எந்த வடிவிலும் பச்சையாக வேண்டாம். ஆஜெஸ்கி என்று ஒரு கிருமி இருக்கிறது, பன்றி தாங்கிக்கொள்ளும், ஊனுண்ணிப் பிராணிகள் தாங்காது. பச்சை நெத்திலியும் வேண்டாம், அதில் உள்ள ஒரு நொதி பி1 வைட்டமினை அழித்துவிடும்.

இறைச்சி எங்கே வாங்குவது என்றும் கேட்டிருந்தீர்கள். நான் விடியலிலேயே புடு பாசாருக்குப் போய்விடுவேன். அன்று வெட்டிய கோழி கிடைக்கும், காடையும் கிடைக்கும். ஆட்டிறைச்சிக்குச் சௌகிட். கோழி இதயத்தை "ஜந்தோங் ஆயாம்" என்றும், இரைப்பையை "ஹெம்பெடால்" என்றும் கேளுங்கள். மசாலா தடவியது, உப்புநீரில் ஊறவைத்தது எதுவும் வேண்டாம்.

மூத்தவனுக்கு ஒரு வாரத்துக்கு அரைக் கிலோ போதும். தோலோடு எலும்பில்லாத தொடைக்கறி 375 கிராம், கோழி இதயம் 100 கிராம், ஈரல் 25 கிராம். ஈரலை இதற்கு மேல் கூட்டாதீர்கள். மலிவு என்பதால் நிறையப் பேர் ஈரலை அள்ளிப் போடுகிறார்கள். முதலில் பேதியாகும், நாளாக ஆக ஏ வைட்டமின் அதிகமாகி எலும்பைக் கெடுக்கும். எலும்பு சேர்க்காததால் சுண்ணாம்புச் சத்துக்கு முட்டை ஓட்டுத்தூள் அரை டீஸ்பூன். ஓட்டைக் கழுவி, கொதிக்க வைத்து, காயவைத்து, மிக்சியின் சின்ன ஜாரில் திருநீறுபோல் மாவாக அரைக்க வேண்டும். விரலில் நெருநெருப்பு இருந்தால் இன்னொரு சுற்று விடுங்கள். கறியை ஆவியில் வேகவைத்து, தட்டில் இறங்கும் சாற்றைக் கொட்டாமல் அதையும் சேர்த்து அரையுங்கள். இதயத்துக்கு வேண்டிய டாரின் என்ற சத்து அந்தச் சாற்றில்தான் இறங்கியிருக்கும். வேகும்போது அதில் ஒரு பங்கு குறைவதால், தனியாக டாரின் தூள் சேர்க்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்து, ஒரு நாளுக்கு வேண்டிய கட்டிகளை மட்டும் குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் இறக்கி உருக விடுங்கள். இந்த எடைக்கு ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் வரை தேவைப்படும், ஐந்து ஆறு வேளையாகப் பிரித்து.

இப்போது அவனை எப்படிச் சாப்பிட வைப்பது? உலர்தீனித் தட்டு இருந்த இடத்திலேயே இருக்கட்டும், எடுக்காதீர்கள். ஒரு கட்டியை வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்து உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். சூடான உணவுக்குத்தான் வாசனை எழும், மூக்குதான் அவனுக்கு வாய். கொஞ்சம் தண்ணீர் விட்டு ரசத்தைவிடச் சற்றுக் கெட்டியாகக் கரையுங்கள், இதைத்தான் சூப் என்கிறேன். அவன் நன்றாக விழித்து, விளையாடி, களைத்து மடியில் கிடக்கும் நேரம் பார்த்து, சுண்டுவிரலில் தொட்டு மேலுதட்டின் ஓரத்தில் ஒரு பொட்டுப் போல வையுங்கள். வாய்க்குள் திணிக்க வேண்டாம். மூக்கை நக்கும்போது தானாக உள்ளே போகும். முதல் நாள் தலையை உதறுவான், பின்னால் நகர்வான், முகத்தைப் பாயில் தேய்ப்பான். இரண்டு பொட்டோடு நிறுத்திவிடுங்கள். நாலு வேளையும் இதே இடம், இதே துண்டு, இதே குரல். என் இரண்டாவது நோயாளி பதினோராம் நாள்தான் விரலை விடாமல் நக்கினாள். நக்கும்போது ஒரு சின்ன சப்பொலி வரும், அதைக் கேட்டாலே மனம் நிறையும். பிறகு விரலிலிருந்து கரண்டிக்கு, கரண்டியிலிருந்து கிண்ணத்துக்கு.

அவன் மறுத்தால் உலர்தீனியை நன்றாகத் தூளாக்கி மேலே தூவுங்கள். பழகிய வாசனை கதவைத் திறக்கும். தூளை நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வரலாம். சூப்பைத் தானாக வயிறாரச் சாப்பிட்டு, எடை ஒரு வாரம் நிலையாக நின்ற பிறகுதான் உலர்தீனியைக் குறைக்க வேண்டும். இரவில் அப்போதும் குறைக்க வேண்டாம். இரவு பதினொன்றுக்கு ஒரு முறை, விடியற்காலை மூன்றுக்கு ஒரு முறை எழுந்து சூப் கொடுக்க உங்களால் முடியும் என்றால் சரி. முடியாது என்றால், புரதம் அதிகமான நல்ல உலர்தீனி இரவு முழுவதும் தட்டில் இருக்கட்டும். காலி வயிற்றோடு தூங்குவதைவிட மாவு கலந்த தீனி மேல். இதை ஒரு தோல்வியாக நினைக்காதீர்கள். என் இரண்டாவது நோயாளிக்குக் கடைசி வரை இரவில் உலர்தீனிதான்.

சின்னவள் கதை வேறு. விதை விதையான மலம் என்றால் கொழுப்பு செரிக்காமல் வெளியே போகிறது. அது ஒட்டுண்ணியாக இருக்கலாம், ஹெலிகோபேக்டர் என்ற வயிற்றுப் பாக்டீரியாவாக இருக்கலாம், குடல் அழற்சியாக இருக்கலாம். காரணம் தெரியாமல் உணவை மாற்றினால், நாளைக்கு மலம் மாறும்போது நோயா உணவா என்று பிரித்துச் சொல்ல முடியாமல் டாக்டரும் நீங்களும் தவிப்பீர்கள். முதலில் புதிய மலத்தை ஒரு சின்ன டப்பாவில் எடுத்துப் போய்ப் பரிசோதனைக்குக் கொடுங்கள். மூத்தவனையும் அவளையும் இப்போதைக்குத் தனித்தனிக் கூண்டில் வையுங்கள். அவளிடம் இருப்பது தொற்றும் நோயாக இருந்தால் மருந்தில் இருப்பவனுக்கு அது பெரிய அடி.

குடல் அழற்சிதான் என்று முடிவானால் இறைச்சி உணவு அவளுக்கு உண்மையிலேயே உதவும், ஆனால் ஒரு நேரத்தில் ஒரே இறைச்சி. உலர்தீனிகளில் பெரும்பாலானவற்றில் கோழி இருக்கும், ஒத்துக்கொள்ளாதது கோழியாகவே இருக்கலாம். காடையோ முயலோ இரண்டு வாரம் மட்டும் கொடுத்துப் பார்த்து, மலத்தையும் எடையையும் எழுதுங்கள். அவளுக்கு வயது குறைவு, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எதுவும் இல்லை. நோய் தெளிந்து டாக்டரும் ஒப்புக்கொண்டால் அவளைப் பச்சைக்கே கொண்டுபோகலாம். அரைத்தது, பிறகு பொடித்துண்டு, பிறகு பெரிய துண்டு, கடைசியில் காடையின் விலா எலும்பு என்று படிப்படியாக. எலும்பு பச்சையாகவே இருக்க வேண்டும். வெந்த எலும்பு சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். முழுதாகச் சாப்பிடும் நிலைக்கு வந்ததும் பத்துப் பங்கில் எட்டுப் பங்கு சதையும் இதயமும், ஒரு பங்கு எலும்பு, ஒரு பங்கு உள்ளுறுப்பு, அதில் பாதி ஈரல் என்ற கணக்கு போதும். மலம் வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டிபோல் வந்து முக்கினால் எலும்பு அதிகம் என்று அர்த்தம்.

கழிவுத் தட்டைத் தினமும் பார்க்கப் பழகுங்கள். உணவு மாறும்போது இரண்டு மூன்று நாள் கொஞ்சம் சளி படர்ந்து வருவது வழக்கம், அதற்குப் பயப்பட வேண்டாம். பச்சை நிறத்தில் வழவழவென்று தொடர்ந்து போனால் டாக்டரிடம் போக வேண்டும். தார்போல் கறுத்து வந்தால் வயிற்றில் ரத்தக் கசிவு, அன்றைக்கே போக வேண்டும். பிரட்னிசொலோன் சாப்பிடும் மூத்தவனிடம் இதைக் கூடுதலாகக் கவனியுங்கள். பல்லை நறநறவென்று கடிப்பதும் வயிற்று வலியின் அடையாளம்தான்.

நம் ஊர் வெயில் இதில் தனிப் பிரச்சினை. முப்பது டிகிரியை நெருங்கினாலே ஃபெரெட்டுக்கு வெப்ப அயர்ச்சி வரும். நீங்கள் ஏற்கெனவே ஏர்கோன் போட்டு வைத்திருப்பீர்கள். ஆனாலும் கறியைக் கிண்ணத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். இரண்டாவது பிரச்சினை பதுக்கல். எங்கள் வீட்டில் ஒருமுறை இரண்டு நாளாக ஒரு வாடை. கடைசியில் துணி துவைக்கும் இயந்திரத்தின் பின்னால் ஒரு காடைத்தொடை, அதைச் சுற்றிக் குளியலறை வரை எறும்பு வரிசை. அதைத் திரும்பப் போய்த் தின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்! அன்றிலிருந்து உயரமான பிளாஸ்டிக் தொட்டிக்குள் பழைய துண்டு விரித்து அதிலேயே சாப்பிட வைக்கிறேன். முடிந்ததும் துண்டு வெந்நீருக்கு, தொட்டி சவர்க்காரத்துக்கு. பாட்டியோ கைக்குழந்தையோ வீட்டில் இருந்தால் பச்சைக்கறி தொட்ட கையை இரண்டு முறை கழுவுங்கள்.

அவசரத்துக்குக் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒரு தாளை ஒட்டி வையுங்கள், வீட்டில் யார் இருந்தாலும் படிக்கும்படி. தள்ளாட்டம், வெறித்த பார்வை, எச்சில் என்றால், விழுங்க முடிகிற நிலையில் இருந்தால் உடனே சூப் அல்லது ஹில்ஸ் ஏ/டி என்ற, நோயாளிப் பிராணிகளுக்கான டின் உணவு. அந்த டின் ஒன்றிரண்டு எப்போதும் வீட்டில் இருக்கட்டும். வலிப்பு வந்துவிட்டால் தேனை ஒரு பஞ்சுக்குச்சியில் தொட்டு ஈறில் தடவ வேண்டும். பல்லுக்கு நடுவில் விரலை விடக் கூடாது, வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். தெளிந்து விழுங்க ஆரம்பித்ததும் தாமதிக்காமல் இறைச்சிச் சூப் கொடுக்க வேண்டும். தேன் மட்டும் போதும் என்று விட்டுவிட்டால் சர்க்கரை மறுபடி விழும். பிறகு நேரே கிளினிக்.

டாக்டர் விஷயத்தில், பூனை நாய் மட்டும் பார்ப்பவரிடம் இதற்குப் போகாதீர்கள். ஃபெரெட் பார்த்துப் பழகியவரா என்று போனிலேயே கேளுங்கள். உங்கள் பகுதியில் யாரும் கிடைக்காவிட்டால் செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. உங்கள் டாக்டரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். கட்டியை அறுவை சிகிச்சையில் எடுக்க முடியுமா, பிரட்னிசொலோன் போதாத நிலையில், இன்சுலின் சுரப்பதைக் குறைக்கும் டையசாக்சைடு மருந்தைச் சேர்க்கலாமா என்ற இரண்டு கேள்விகளையும் நேராகக் கேளுங்கள். ஐந்து வயதுதான் ஆகிறது, மற்றபடி உடம்பு நன்றாக இருந்தால் அறுவைக்கு வயது தடையில்லை. அவன் வாலில் முடி உதிர்ந்திருந்தால் அதையும் காட்டுங்கள். அட்ரினல் சுரப்பி நோயும் இந்த வயதில் கூடவே வருவதுண்டு, அதற்கு வேறு மருந்து இருக்கிறது.

திங்கட்கிழமை சின்னவளின் மலத்தைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு என்ன வந்தது என்று எழுதுங்கள் தம்பி. மூத்தவனின் இரண்டு வார எடையையும் அதோடு சேர்த்து அனுப்பினால், சூப்பை எந்த நாளில் ஆரம்பிக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.